அட்லாண்டாவில் எலுமிச்சை மண்ணில் நிற்குமா? குளிர் தாங்கும் சிட்ரஸ், கறிவேப்பிலை பற்றி

மதுரைமல்லி (அட்லாண்டா)
நவம்பர் 3

எல்லோருக்கும் வணக்கம். இந்த ஊருக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. வெண்டை, கத்தரி, பாகல், கொத்தவரை எல்லாம் கோடையில் அமோகமாக வருகின்றன. குளிர்காலத்தில்தான் தோற்றுப்போகிறேன்.

போன வருடம் ஏப்ரலில் நம் ஊர் சின்ன எலுமிச்சை (இங்கே கீ லைம் என்று விற்கிறார்கள்) ஒரு கன்று வாங்கிக் கொல்லையில் மண்ணிலேயே வைத்தேன். செப்டம்பருக்குள் இடுப்பு உயரம் வந்துவிட்டது. அக்டோபரிலும் உரம் போட்டேன், துளிர் வந்துகொண்டே இருந்தது. டிசம்பரில் ஒரே ஓர் இரவு 24 டிகிரி ஃபாரன்ஹீட். பிளாஸ்டிக் தார்ப்பாயை இறுக்கச் சுற்றிக் கட்டிவிட்டுத்தான் படுத்தேன். காலையில் பார்த்தால் இலையெல்லாம் வெந்த கீரை மாதிரித் தொங்கியது. ஜனவரி முடிவதற்குள் அடி வரை கறுத்துப்போனது. அந்தக் கன்றைப் பிடுங்கிப் போட மனசே வரவில்லை, மார்ச் வரை அப்படியே விட்டிருந்தேன்.

இப்போது ஒரு சத்சுமா (கமலா ஆரஞ்சில் ஒரு வகை) ஒட்டுக்கன்று வாங்கியிருக்கிறேன். தொட்டியில்தான் இருக்கிறது. அட்டையில் 15 டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருக்கிறது. இதை இப்போதே மண்ணில் வைக்கலாமா? எலுமிச்சையின் புளிப்புக்கு ஈடாகக் குளிர் தாங்கும் மரம் ஏதாவது உண்டா? இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். அம்மா மார்ச்சில் வருகிறார். வேப்பிலைக்கட்டி இடிக்க நார்த்தை இலை கிடைக்குமா என்று போனில் இரண்டு தடவை கேட்டுவிட்டார். அதற்கும் ஏதாவது வழி சொல்லுங்கள்.

கொல்லைப்புறம் (ஹூஸ்டன்)
நவம்பர் 3

மல்லி, முதலில் அந்தக் கன்றை நினைத்து வருத்தப்படுவதை விடுங்கள். அட்லாண்டா மண்ணில் அதை யாராலும் காப்பாற்றியிருக்க முடியாது. சிட்ரஸிலேயே குளிருக்கு முதலில் விழுவது கடாரங்காயும் எலுமிச்சையும்தான். 28, 29 டிகிரியிலேயே இலை கருகிவிடும். அவற்றைவிடக் கொஞ்சம் தாங்குவது லெமன் (இங்கே கிடைக்கும் மஞ்சள் நிறப் பெரிய எலுமிச்சை). அதற்கு மேலே கிரேப்ஃப்ரூட், சாத்துக்குடி, ஆரஞ்சு. அப்புறம் கமலா வகைகள், அதில் தனியாக நிற்பது சத்சுமா. கும்குவாட்டும் (தோலோடு தின்கிற குட்டி ஆரஞ்சு மாதிரி) சத்சுமாவுக்குச் சளைத்தது இல்லை.

இதற்குக் காரணம் உறக்கம். எலுமிச்சை உறங்காத மரம், கொஞ்சம் வெயில் அடித்தால் டிசம்பரிலும் துளிர் விடும். துளிரில் இருப்பது தண்ணீர். சத்சுமாவும் கும்குவாட்டும் இரவுக் குளிர் ஐம்பதுகளுக்குக் கீழே இறங்கியதும் வளர்ச்சியை நிறுத்தி, இலையைத் தடிக்க வைத்துக்கொண்டு சும்மா நிற்கும். அட்டையில் போட்டிருக்கும் 15 டிகிரி என்பது, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிருக்குப் பழகி, ஆழ உறங்கிப்போன, நன்றாக வளர்ந்த மரத்துக்கு. அதுவும் சில மணி நேரத்துக்கு மட்டும். இரண்டு மூன்று வயதுக் கன்றுக்கு நான் 25ஐத்தான் எல்லையாக வைத்திருக்கிறேன். அதற்குக் கீழே போகும் என்றால் போர்வை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவேன்.

இப்போது மண்ணில் வைக்காதீர்கள். வேர் ஓடாத கன்றை நவம்பரில் நட்டால் அது குளிரையும் புது மண்ணையும் ஒரே நேரத்தில் சமாளிக்க வேண்டும். இந்தக் குளிர்காலம் கராஜில் இருக்கட்டும், பகலில் வெயிலுக்கு எடுத்து வையுங்கள். மார்ச் கடைசியில் உறைபனி பயம் போனதும் நடுங்கள். உரத்தை ஜூலையோடு நிறுத்திவிடுங்கள். அக்டோபர் உரம் என்பது தூங்கப் போகிற பிள்ளையைத் தட்டி எழுப்பிச் சோறு ஊட்டுகிற மாதிரி.

வன்னிமண் (லண்டன்)
நவம்பர் 4

ஃபாரன்ஹீட்டில் எழுதினால் எங்களுக்கு விளங்கவில்லை, செல்சியஸும் சேர்த்துப் போடுங்கோ அண்ணா.

எங்கள் பிரச்சினை உங்களுக்கு நேர்மாறு. லண்டனில் குளிர் பெரிதாக இல்லை, மைனஸ் 5 வந்தாலே செய்தி. ஆனால் கோடை வெப்பம் போதாது. தோடை, தேசிக்காய் எல்லாம் உயிரோடு நிற்கும், காய்த்தாலும் பழுக்காது. செல்சி ஃபிசிக் கார்டனில் ஒரு கிரேப்ஃப்ரூட் மரம் வெட்டவெளியில் நிற்கிறது, போய்ப் பார்த்தனான். நாலு பக்கமும் உயர்ந்த செங்கல் மதில், பக்கத்தில் தேம்ஸ் ஆறு. அந்த மதில் பகல் வெயிலைக் குடித்துவிட்டு இரவு முழுக்கத் திருப்பிக் கொடுக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் என் யூசு (ஜப்பான்காரர் பாவிக்கிற புளிப்புச் சிட்ரஸ்) மரத்தைத் தோட்டத்து நடுவிலிருந்து கிளப்பித் தெற்குப் பார்த்த சுவரோரம் கொண்டுவந்து வைத்தேன். மூன்றாம் வருடம் காய்த்தது. மஞ்சளாக மாற டிசம்பர் ஆனது, ஆனால் யூசுவைப் பச்சையாகவும் பாவிக்கலாம். தோலின் வாசம் ஒன்றே போதும். சொதிக்குக் கடைசியில் தேசிக்காய்ப் புளி விடுவதுபோல இதைப் பிழிந்து விடுகிறேன், வீட்டில் ஒருவரும் வித்தியாசம் சொல்லவில்லை.

செடிப்பித்தன் (கொலம்பியா, சவுத் கரோலினா)
நவம்பர் 5

இனி செல்சியஸிலேயே எழுதுகிறேன். மேலே வந்த 28, 25, 15 ஃபாரன்ஹீட் என்றால் ஏறக்குறைய மைனஸ் 2, மைனஸ் 4, மைனஸ் 9. இது எனக்குப் பிடித்த விஷயம், கொஞ்சம் நீளமாகப் போகும்.

மல்லி, உங்கள் சத்சுமா ஒட்டுக்கன்று என்றீர்கள். ஒட்டுக்குக் கீழே என்ன வேர்ச்செடி (வேரும் அடித்தண்டும் தருகிற வேறு மரம்) இருக்கிறது என்று நர்சரியில் கேளுங்கள். மூவிலை ஆரஞ்சு என்று சொன்னால் நிம்மதி. சீனாவின் வடக்கிலும் கொரியாவிலும் வளர்கிற முள்மரம் அது. சிட்ரஸ் உறவில் இலையை முழுக்க உதிர்த்துவிட்டுக் குளிர்காலத்தில் மொட்டையாக நிற்பது இது மட்டும்தான் என்று சொல்லலாம். மைனஸ் 20ஐயும் தாங்கும். ஒவ்வொரு காம்பிலும் மூன்று இலை, அசல் வில்வம் மாதிரியே. ஒரு காலத்தில் தாவரவியலார் இதை வில்வத்தோடு ஒரே இனத்தில் சேர்த்துப் பெயர் வைத்திருந்தார்கள். முதல் தடவை பார்த்தபோது நானும் வில்வம் என்றே நினைத்து ஒரு கொத்து பறித்துவந்து சாமி படத்துக்கு வைத்தேன். இதை வேர்ச்செடியாக வைத்தால் மேலே இருக்கும் மரமும் சீக்கிரமே உறங்கப் போகும். வேர் உறங்கினால் மரம் உறங்கும், அவ்வளவுதான்.

உறக்கம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஃபுளோரிடாவின் கதை போதும். 1894 டிசம்பர் கடைசியில் கடும் உறைபனி வந்தது. காயெல்லாம் போனது, மரங்கள் பல பிழைத்துக்கொண்டன. ஜனவரியில் வெதுவெதுப்பாக இருந்ததும் அவை துளிர்த்தன. 1895 பிப்ரவரியில் அடுத்த பனி. சாறு ஏறி நின்ற மரங்களில் பட்டை வெடித்து வேர் வரை செத்தன. அந்த அழிவைப் பார்த்த பிறகுதான் அமெரிக்க வேளாண் துறையில் வால்டர் ஸ்விங்கிளும் ஹெர்பர்ட் வெபரும் மூவிலை ஆரஞ்சை இனிப்பு ஆரஞ்சோடு கலந்து சிட்ரேஞ்ச் வகைகளை உருவாக்கினார்கள். குளிர் தாங்கின, பழம் வாயில் வைக்க முடியாத கசப்பு. ஆனால் அந்த முயற்சி வீண் போகவில்லை. அந்தக் கலப்பில் பிறந்த கேரிசோவும் டிராயரும் இன்று பல நாடுகளில் வேர்ச்செடியாக இருக்கின்றன.

ஸ்விங்கிள் அதோடு விடவில்லை. சிட்ரேஞ்சைக் கும்குவாட்டோடு கலந்தார். அதில் வந்தது தாமஸ்வில். உங்கள் ஜார்ஜியாவின் தாமஸ்வில் ஊரில் முதலில் காய்த்ததால் அந்தப் பெயர். பச்சையாகப் பறித்தால் எலுமிச்சைக்கு மிக நெருக்கமான புளிப்பு. என் கொல்லையில் ஒன்பது வருடமாக மண்ணில் நிற்கிறது. 2022 டிசம்பர் 23 வந்த குளிரில் மேல் கிளைகளில் ஒரு முழம் காய்ந்தது, அவ்வளவுதான். எலுமிச்சைக்கு ஈடு எது என்று கேட்டீர்களே, இதை வையுங்கள்.

வேப்பிலைக்கட்டிக்கு: தாமஸ்வில் இலை கொஞ்சம் கசப்பு தூக்கும். யூசு இலைதான் சரி, இளசாகப் பறித்து நடு நரம்பை உருவிவிட்டு இடியுங்கள். சத்சுமா இலையில் வாசம் குறைவு. மூவிலை ஆரஞ்சு இலையை மட்டும் தொடாதீர்கள்.

டாலஸ்வாசி
நவம்பர் 6

இவ்வளவு பயப்படத் தேவையில்லை. என் சத்சுமா 2021 பிப்ரவரிப் புயலையே தாங்கியது. மைனஸ் 18க்கும் கீழே போன குளிர் அது. மேலே எல்லாம் காய்ந்துவிட்டது, மே மாதம் அடியிலிருந்து புதிதாக வந்தது. இப்போது முன்பைவிட வேகமாக வளர்ந்து ஏழடி இருக்கிறது. இன்னும் காய்க்கத்தான் இல்லை.

கொல்லைப்புறம் (ஹூஸ்டன்)
நவம்பர் 6

ஐயா, மனசு கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் கேட்டாக வேண்டும். வெளியே போய் ஓர் இலையைப் பறித்துப் பாருங்கள். காம்புக்கு ஓர் இலையா, மூன்றா? முள் எவ்வளவு நீளம்?

டாலஸ்வாசி
நவம்பர் 6

மூன்று. முள் என் சுட்டுவிரலில் பாதி இருக்கும்.

செடிப்பித்தன் (கொலம்பியா)
நவம்பர் 6

அப்படியென்றால் சத்சுமா அன்றே போய்விட்டது. நீங்கள் நான்கு வருடமாகத் தண்ணீர் ஊற்றி வளர்ப்பது அதன் வேர்ச்செடியை. ஒட்டுக்குக் கீழே உயிர் இருந்தது, அது தலையெடுத்துவிட்டது. பூக்கும், எலுமிச்சை அளவில் மஞ்சள் காயும் வரும், மேலே மெல்லிய பூனைமுடி இருக்கும், உள்ளே விதையும் கசப்பும்தான்.

ஆனால் இதில் நல்லதும் இருக்கிறது. மைனஸ் 19ஐத் தாண்டிவந்த வேர் உங்களிடம் இருக்கிறது. வசந்தத்தில் அதன் மேலேயே புதிதாக ஒட்டுக் கட்டலாம். பட்டை எளிதாக உரியும் சமயம் பார்த்து நல்ல இடத்திலிருந்து, நோய் இல்லை என்று சான்று பெற்ற மொட்டுக்குச்சி வாங்குங்கள். நன்றாக வேரூன்றிய மரம் என்பதால் ஒட்டு படுவேகமாக வளரும்.

மற்றவர்களும் கவனியுங்கள். இந்தச் சம்பவத்தைத் தடுக்க ஒரே வழி ஒட்டைக் காப்பது. நவம்பர் கடைசியில் தண்டைச் சுற்றி நல்ல மண்ணை ஒட்டுக்கு மேலே ஒரு சாண் வரை குவித்து வையுங்கள். மேலே எல்லாம் போனாலும் மண்ணுக்குள் இருக்கும் சத்சுமாத் தண்டு பிழைத்து, அதிலிருந்து சத்சுமாவே துளிர்க்கும். மார்ச் தொடக்கத்தில் மறக்காமல் மண்ணை எடுத்துவிட வேண்டும். நான் ஒரு வருடம் மே வரை விட்டுவிட்டேன், அடிப்பட்டை அழுகி நல்ல மரம் ஒன்று போனது.

நிலவொளி (ஸ்கார்பரோ, கனடா)
நவம்பர் 8

நாங்கள் எதையும் மண்ணில் வைக்க முடியாத கூட்டம். எல்லாம் தொட்டிதான், அக்டோபரில் வீட்டுக்குள், மே கடைசியில் வெளியே. வீட்டுக்குள் வைப்பவர்களுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்ட ஒன்றைச் சொல்கிறேன்.

மேயர் லெமன் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு ஜனவரியிலும் இலை கொட்டும். தண்ணீர் குறைவோ என்று ஊற்றினேன், இன்னும் கொட்டியது. ஈரப்பதம் போதாதோ என்று தினமும் இலைமேல் தண்ணீர் தெளித்தேன். அப்புறம் ஒருநாள், இறைச்சி வேகிறதா என்று குத்திப் பார்க்கிற வெப்பமானியை எடுத்துத் தொட்டி மண்ணில் செருகினேன். 9 டிகிரி. இலை இருந்த இடம் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் 25 டிகிரி. தொட்டி நின்றது ஓட்டுத் தரையில், அதற்குக் கீழே சூடில்லாத நிலவறை.

சிட்ரஸ் வேர் ஏறக்குறைய 13 டிகிரிக்குக் கீழே வேலையை நிறுத்திவிடும். இலையோ வெயிலில் தண்ணீர் கேட்கிறது. கீழே இருந்து வரவில்லை என்றதும் மரம் இலையை உதறிவிடுகிறது. தொட்டிக்குக் கீழே இரண்டு அங்குலத் தெர்மகோல் பலகை வைத்தேன், அதன்மேல் விதை முளைக்க வைக்கிற சூட்டுப்பாய். மண் 18க்கு வந்தது. அந்த வருடம் பத்து இலைகூடக் கொட்டவில்லை, பிப்ரவரியில் வீடு முழுக்கப் பூ வாசம். இல்லையென்றால் இரண்டையும் சேர்த்துக் குளிர வையுங்கள்: 5 டிகிரி, வெயில் படாத கராஜ், கொஞ்சம் தண்ணீர். இரண்டும் தூங்கலாம், இரண்டும் விழிக்கலாம். ஒன்று தூங்கி ஒன்று விழித்திருந்தால்தான் ஆபத்து.

மேயர் என்ற பெயரே ஃபிராங்க் மேயர் என்பவருடையது. வேளாண் துறைக்காகச் செடி தேடிச் சீனா போனவர், 1908இல் பெய்ஜிங் பக்கத்திலிருந்து இதைக் கொண்டுவந்தார். அங்கேயும் தொட்டியில் அலங்காரச் செடியாகத்தான் வளர்த்தார்கள். பெய்ஜிங் குளிரில் வேறு எப்படி வளர்ப்பது! தொட்டிக்குப் பழகிய மரம், எங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் சரி.

மதுரைமல்லி
நவம்பர் 8

நிலவொளி அக்கா, கறிவேப்பிலைக்கும் இதே கதைதானா? என் தொட்டிச் செடி டிசம்பரில் மொட்டையாகிவிடுகிறது.

நிலவொளி (ஸ்கார்பரோ)
நவம்பர் 9

அதேதான். கறிவேப்பிலையும் எலுமிச்சைக் குடும்பம். 10 டிகிரிக்குக் கீழே போனால் இலை கொட்டும், குச்சி பச்சையாக இருந்தால் பயம் வேண்டாம். மொட்டையான செடிக்குத் தண்ணீரை வெகுவாகக் குறைத்துவிடுங்கள், இலை இல்லாமல் அது குடிக்க முடியாது, வேர்தான் அழுகும். மார்ச்சில் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வரும். வீட்டுக்குள் இருக்கும்போது செதில் பூச்சியையும் சிவப்புச் சிலந்தியையும் பாருங்கள். வாரம் ஒருமுறை குளியலறையில் வைத்து இலையின் அடிப்பக்கத்தை ஷவரில் கழுவினால் போதும்.

கொல்லைப்புறம் (ஹூஸ்டன்)
நவம்பர் 9

கறிவேப்பிலை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தனிமடலில் இரண்டு பேர் கன்று அனுப்ப முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் மண்ணிலேயே மூன்று மரம் இருக்கிறது, அடியில் நிறையக் கன்றும் வருகிறது. ஆனால் அனுப்ப மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆசிய சிட்ரஸ் சில்லிட் என்று ஒரு பூச்சி, எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது. கறிவேப்பிலைக் கொழுந்து அதற்கு மிகவும் பிடிக்கும். அது சுமந்து வருவதுதான் சிட்ரஸ் கிரீனிங் நோய். மருந்து கிடையாது. ஃபுளோரிடாவில் 2005இல் அந்த நோயைக் கண்டார்கள். 2003-04இல் அந்த மாநிலம் 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு எடுத்தது. 2022-23இல் 1.6 கோடிப் பெட்டிகூட இல்லை. கடைசி வருடத்தில் சூறாவளியும் அடித்தது, ஆனால் மரங்களை அரித்துவைத்தது நோய்தான். அதனால்தான் டெக்சாஸ் உட்படப் பல மாநிலங்களில் சிட்ரஸையும் கறிவேப்பிலையையும் வெளியே கொண்டுபோகத் தடை. பெட்டியில் சுருட்டி, விமானத்தில் கைப்பையில் என்று கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். உங்கள் மாநிலத்திலேயே சான்று பெற்ற நர்சரியில் வாங்குங்கள், இல்லை விதை போடுங்கள்.

வன்னிமண் (லண்டன்)
நவம்பர் 11

சரி, வாழையைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. பாஸ்ஜூ வாழை இங்கு வெளியிலேயே நிற்கிறது. காய் தின்ன முடியாது, ஆனால் இலை வடிவாக வரும், தைப்பொங்கலுக்கு மட்டும் வராது. நவம்பரில் இலையை வெட்டிவிட்டு, தண்டைச் சுற்றி வலைக்கம்பி கட்டி வைக்கோலை அடைத்துவிடுவேன். மேலே மழை படாமல் ஓர் ஓடு. சிட்ரஸுக்கும் இதே மாதிரி வைக்கோல் மூடாக்குப் போடலாம்தானே?

கொல்லைப்புறம் (ஹூஸ்டன்)
நவம்பர் 11

கூடாது என்பேன். வாழைக்கு வேண்டியது கிழங்கைக் காப்பது, அதற்கு வைக்கோல் சரி. சிட்ரஸுக்கு இலையைச் சுற்றியிருக்கும் காற்று சூடாக இருக்க வேண்டும். அந்தச் சூடு மண்ணிலிருந்து வருகிறது. வைக்கோல் போட்டால் பகல் வெயில் மண்ணுக்குள் இறங்காது, இரவு மண்ணின் சூடும் மேலே வராது. பனிக்கு முந்தின நாள் மூடாக்கை ஒதுக்கிவிட்டு, வெறும் மண்ணை நன்றாக நனைத்துவிடுங்கள். ஈர மண் அதிகச் சூட்டைப் பிடித்து வைக்கும்.

செடிப்பித்தன் (கொலம்பியா)
நவம்பர் 12

அமைதியான, வானம் தெளிந்த இரவுக்கு நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு. மண் தன் சூட்டை வானத்துக்கு இழக்கிற இரவு அது, போர்வை போட்டால் பிடித்து வைக்கலாம். ஆனால் 2022 டிசம்பரில் வந்தது வேறு. வடக்கிலிருந்து காற்றோடு அடித்த குளிர், சில மணி நேரத்துக்குள் தலைகீழாக இறங்கியது. அட்லாண்டாவில் மைனஸ் 13. அந்தக் காற்றில் மண்சூட்டை மட்டும் நம்பினால் நடக்காது. உள்ளே சூடு கொடுக்க ஏதாவது இருக்க வேண்டும், துணி தரை வரை வந்து கல்லால் அழுத்தியிருக்க வேண்டும். துணிதான், பிளாஸ்டிக் இல்லை. பிளாஸ்டிக் இலையைத் தொட்ட இடமெல்லாம் கருகும், காலையில் வெயில் வந்தால் உள்ளே வேகும். மல்லியின் கன்றுக்கு நடந்ததும் பாதி அதுதான். மரத்தைச் சுற்றி இறுக்கி, அடியில் கட்டிவிட்டால் மண்ணின் சூடு உள்ளேயே வராது.

சூட்டுக்குப் பழைய கிறிஸ்துமஸ் விளக்கு, இழை பல்பு உள்ளது. சி-9 பல்பு ஒன்று 7 வாட், 25 பல்புச் சரம் ஒன்று போதும். எல்.இ.டி. சரம் அழகாக இருக்கும், சூடு வராது. இன்னொரு கைவைத்தியம் தண்ணீர் டிரம். தண்ணீர் உறையும்போது சூட்டை வெளிவிடும். 200 லிட்டர் டிரம் முழுக்க உறைந்தால் வரும் சூடு ஏறக்குறைய 18 யூனிட் கரண்டுக்குச் சமம், கரண்ட் போனாலும் வரும். அது பூஜ்யம் டிகிரியிலேயே வெளிவருவதால் உள்ளே பூஜ்யத்தை விட்டு வெகுதூரம் இறங்காது.

நிலவொளி (ஸ்கார்பரோ)
நவம்பர் 13

நெப்ராஸ்காவில் அலையன்ஸ் ஊரில் ரஸ் ஃபின்ச் என்று ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர் இருந்தார். பனி கொட்டுகிற சமவெளியில் பாதி நிலத்துக்குள் இறங்கிய கண்ணாடிக் கூடம் கட்டி ஆரஞ்சு பறித்தார். எட்டடி ஆழத்தில் குழாய் புதைத்து, மண்ணின் 11 டிகிரிச் சூட்டைக் காற்றாடி வைத்துச் சுற்றவிட்டதுதான் முறை. உஸ்பெகிஸ்தானிலும் தஜிகிஸ்தானிலும் பள்ளம் வெட்டி, மேலே கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ போட்டு எலுமிச்சை விளைவிக்கிறார்கள். என் கொல்லையில் பள்ளம் வெட்ட வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும், கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மதுரைமல்லி
மார்ச் 27

நட்டுவிட்டேன். தெற்குப் பார்த்த செங்கல் சுவரிலிருந்து நாலடி தள்ளி. வேர்ச்செடி மூவிலை ஆரஞ்சுதான் என்று நர்சரியில் உறுதியாகச் சொன்னார்கள். ஒட்டு மண்ணுக்கு நாலு விரல் மேலே இருக்கிறது. தாமஸ்வில் ஒன்றும் யூசு ஒன்றும் ஜார்ஜியா நர்சரியிலேயே கிடைத்தன.

அம்மா வந்து இறங்கிய மறுநாளே யூசு இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்தார். “நார்த்தை இல்லை, ஆனா ஆகும்” என்றார். கன்று சின்னது, பன்னிரண்டு இலைக்கு மேல் பறிக்க அவருக்கே மனம் வரவில்லை. ஓமமும் மிளகாயும் சேர்த்து இடித்ததில் மூன்று சின்ன உருண்டை வந்தது. இரண்டு நாள் மோர்சாதத்துக்குக் காணும்.

செடிப்பித்தன் (கொலம்பியா)
மார்ச் 27

அம்மாவின் பக்குவத்தை இங்கே எழுதுங்கள். என் யூசு பத்தடி இருக்கிறது, இலைக்குப் பஞ்சமில்லை.

மதுரைமல்லி
அடுத்த ஜனவரி 21

நேற்று இரவு முதல் சோதனை. மைனஸ் 10. எழுதிவைக்கிறேன், அடுத்தவருக்குப் பயன்படும்.

ஜூலைக்கு அப்புறம் உரம் போடவில்லை. அக்டோபர் முதல் துளிரே இல்லை, இலை கரும்பச்சையாக, தொட்டால் அட்டை மாதிரி இருந்தது. தண்டைச் சுற்றி மண் குவித்திருந்தேன். நேற்று மதியம் மண்ணை நனைத்தேன். நாலு மூங்கில் நட்டு, மேலே உறைபனித் துணி, அதற்குமேல் இரண்டு பழைய படுக்கை விரிப்பு, சுற்றிலும் செங்கல். உள்ளே சி-9 சரம் ஒன்று. சுவரோரம் டிரம்.

இரவு 9 மணிக்கு வெளியே மைனஸ் 3, உள்ளே 3. இரண்டு மணிக்குக் காற்று தூக்கியது. வடக்குப் பக்கத் துணி பிரிந்து அடித்துக்கொண்டிருந்தது, அலாரம் வைத்து எழுந்ததால் பார்த்தேன். உள்ளே மைனஸ் 2க்கு வந்துவிட்டது. துணி காயப்போடுகிற கிளிப் பதினைந்து எடுத்துவந்து இழுத்து மாட்டினேன், விரல் மரத்துப்போனது. இருபது நிமிடத்தில் பூஜ்யத்துக்கு ஏறியது. காலை 6:40க்கு வெளியே மைனஸ் 10, உள்ளே மைனஸ் 1. டிரம்மில் இரண்டு விரல் கனத்துக்குப் பனிக்கட்டி.

பத்து மணிக்குத் துணியைத் திறந்தேன். சத்சுமா இலைகள் சுருண்டிருந்தன, மத்தியானத்துக்குள் விரிந்துவிட்டன. தாமஸ்வில்லுக்குப் போர்வையே போடவில்லை, அது அப்படியே நிற்கிறது. யூசுவில் நுனி இலைகள் மட்டும் வெளுத்திருக்கின்றன. வெட்டிவிடவா?

கொல்லைப்புறம் (ஹூஸ்டன்)
ஜனவரி 21

வெட்டாதீர்கள். எவ்வளவு செத்தது என்று ஏப்ரல் வரை மரத்துக்கே தெரியாது. இப்போது வெட்டினால் துளிர் கிளம்பும், பிப்ரவரியில் இன்னொரு பனி வந்தால் அதுவும் போகும். மே வாக்கில் நகத்தால் பட்டையைக் கீறிப் பாருங்கள், பச்சை தெரியும் இடத்துக்கு மேலே வெட்டுங்கள். அந்தக் கிளிப் சமாச்சாரத்தை நானும் இந்த வாரமே செய்து வைக்கிறேன்.

டாலஸ்வாசி
ஏப்ரல் 14

போன வசந்தத்தில் ஒட்டுக் கட்டினேன், இரண்டு மொட்டு பிடித்தது. இந்தக் குளிர்காலம் மண் குவித்து மூடினேன், தப்பிவிட்டது. இன்று போய்ப் பார்த்தேன், காம்புக்கு ஓர் இலைதான்.

மதுரைமல்லி
ஏப்ரல் 19

டாலஸ் அண்ணா, படித்துவிட்டு அம்மாவுக்கும் போனில் சொன்னேன். அவருக்கும் சந்தோஷம்.

என் சத்சுமா பூத்துவிட்டது. சாயங்காலம் கதவைத் திறந்தால் சமையலறை வரை வாசம் வருகிறது. கன்றுக்கு முதல் இரண்டு வருடம் காய் விடக்கூடாது, எல்லாவற்றையும் கிள்ளிவிட வேண்டும் என்று எங்கோ படித்தேன். மூன்று பிஞ்சு நிற்கிறது. ஒன்றே ஒன்றை மட்டும் விட்டுவைக்கட்டுமா?

செடிப்பித்தன் (கொலம்பியா)
ஏப்ரல் 19

ஒன்றை விடுங்கள். கிளை நுனியில் இருப்பதைக் கிள்ளிவிட்டு, தண்டை ஒட்டி இருப்பதாகப் பார்த்து விடுங்கள். நவம்பர் முதல் வாரம் தோல் லேசாகத் தளர்ந்திருக்கும், கொஞ்சம் பச்சை இருந்தாலும் உள்ளே பழுத்திருக்கும். இழுக்காமல் கத்தரியால் வெட்டுங்கள், இழுத்தால் தோல் கிழியும்.